மார்கழிப் பனியில் தேனீக்களைக் காப்பாற்றுவது எப்படி?

அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் தோட்டத்து ஓரமாக இரண்டு, மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, ஆண்டில் நஷ்டம் வரும் காலம் ஒன்று உண்டு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தை பிறக்கும் வரையுள்ள மூன்று மாதங்களே அக்காலம். ஆவணியில் கலகலவென்று இருந்த பெட்டி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில் திறந்து பார்த்தால் வெறுமையாகக் கிடக்கும். "பனி தாங்காமல் செத்துவிட்டது" என்று சொல்லிப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த கூட்டம் வாங்கப் பணம் தேடுவது பலரது வழக்கம்.

பனியின் மேல் பழி போடுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். திருவண்ணாமலை வட்டாரத்தில் மார்கழி, தை மாத விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கும். நமக்குப் போர்வை தேவைப்படும் குளிர்தான் இது. ஆனால் தேனீக்கு இது பெரிய குளிரே அல்ல. உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்தரை வெளுக்கும்படி உறைபனி விழுகிறது. அந்த மலைகளிலும் நம்மிடம் உள்ள இதே இந்தியத் தேனீ மரப்பொந்துகளில் வாழ்கிறது. காஷ்மீரத்தில் வீட்டு மண்சுவருக்குள் மாடம் போல் அறை விட்டுக் கட்டி, அதில் தேனீயைக் குடியேற்றுவது பழைய வழக்கம். வெளியே பனிக்கட்டி மூடிக் கிடக்க, உள்ளே கூட்டம் உயிரோடு இருந்து வசந்தத்தில் பறந்து வருகிறது. பூஜ்யம் டிகிரியைத் தாங்கும் பூச்சி 18 டிகிரியில் குளிர்ந்து சாகிறது என்றால் நம்புவது கடினம்.

நம் பகுதியில் இம்மாதங்களில் தேனீயைக் கொல்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று பட்டினி. மற்றொன்று ஈரம். பனி அவற்றுக்குத் துணை போகிறது, அவ்வளவே. இரண்டையும் விவசாயி தம் கையால் தடுத்துவிட முடியும்.

காலிப் பெட்டியைப் பார்த்துக் காரணம் அறிதல்

கூட்டம் அழிந்த பெட்டியைக் கழுவுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் வைத்து நன்கு பார்க்க வேண்டும். நடந்தது என்ன என்பதை அடைகளே காட்டிவிடும்.

அடை அறைகளுக்குள் தேனீக்கள் தலையை உள்ளே விட்டு, வால் மட்டும் வெளியே தெரியும்படி செத்துக் கிடந்தால், அது பட்டினிச் சாவு. கடைசித் துளித் தேனைத் தேடி அறைக்குள் தலையை நுழைத்து, அங்கேயே உயிர் விட்டிருக்கும். பக்கத்தில் ஒரு துளி தேனும் இருக்காது.

பெட்டியில் தேனும் இல்லை, புழுவும் இல்லை, செத்த தேனீயும் இல்லை என்றால், கூட்டம் சாகவில்லை, ஓடிவிட்டது. இந்தியத் தேனீக்கு இது பிறவிக் குணம். பசி, எறும்பு, ஈரம், அடிக்கடி திறந்து பார்க்கும் தொந்தரவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்தால் வீட்டைக் காலி செய்துவிடும். இத்தாலியத் தேனீ இவ்வளவு எளிதில் ஓடாது. மழை நாளில் ஓடிய கூட்டம் அநேகமாகப் பிழைப்பதில்லை. ஆகவே இதையும் பட்டினிக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

அடைகள் சாம்பல் நிறப் பூசணம் பூத்து, அடிப்பலகை நனைந்து, செத்த தேனீக்கள் அதில் ஒட்டிக் கிடந்தால் ஈரமே காரணம். அடை முழுவதும் நூலாம்படை போல் வலை பின்னி, அதற்குள் வெள்ளைப் புழுக்கள் சுரங்கம் போட்டிருந்தால் அது மெழுகு அந்துப்பூச்சியின் வேலை. இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பலமான கூட்டத்தில் மெழுகுப் பூச்சி தலையெடுக்க முடியாது. பட்டினியால் தேனீ குறைந்து, காவலுக்கு ஆள் இல்லாத அடையில்தான் அது முட்டை வைத்துப் பெருகும். புழுவைப் பார்த்துவிட்டு, "புழு வந்து கூட்டம் போயிற்று" என்கிறோம். பெரும்பாலும் கூட்டம் மெலிந்த பிறகே புழு வந்திருக்கும்.

வாயிலுக்கு வெளியே குவியலாக, நாக்கு நீட்டியபடி செத்துக் கிடந்தால் பக்கத்து நிலத்தில் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று அறியலாம். அதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை.

தேனீ குளிர் காயும் விதம்

தனித் தேனீ ஒன்று குளிரில் விறைத்துப் போகும். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் அதனால் நகர முடியாது. ஆனால் கூட்டமாக இருக்கும்போது கதை வேறு. குளிர் அதிகமானால் தேனீக்கள் அடைகளுக்கிடையே ஒன்றையொன்று நெருக்கிப் பந்து போல் திரண்டுவிடும். வெளி வரிசையில் இருப்பவை ஓட்டுக் கூரை வேய்ந்தது போல் தலையை உள்நோக்கி வைத்து அடைத்து நிற்கும். உள்ளே இருப்பவை இறக்கையை அசைக்காமலே, இறக்கைச் சதையை மட்டும் துடிக்கச் செய்து சூட்டை உண்டாக்கும். புழு வளரும் அடையில் 34, 35 டிகிரி வெப்பம் எப்போதும் இருக்க வேண்டும். மாடத்து விளக்கு போல் அதை அணையாமல் காப்பது வேலைக்காரத் தேனீக்களின் கடமை.

விளக்குக்கு எண்ணெய் வேண்டும். இங்கே எண்ணெய் என்பது தேன். வெளியே குளிர் கூடக் கூட, உள்ளே தேன் செலவும் கூடும். மாட்டுக்குத் தீனி போடுவது போல் நாள்தோறும் கணக்கு உண்டு. தேன் தீர்ந்த அன்று சூடும் தீர்ந்துவிடும். விடியற்காலைப் பனியில் செத்துக் கிடக்கும் கூட்டத்தைப் பார்த்துக் குளிர்தான் கொன்றது என்று நாம் நினைப்பது இதனால்தான். முந்தின நாளே சேமிப்பு காலியாகியிருக்கும்.

ஈரத்தின் கணக்கும் இதனோடு சேர்ந்தது. தேனீ ஒரு கிலோ தேனைத் தின்று சூடாக்கும்போது, அதிலிருந்து அரைக் கிலோவுக்கும் மேலாக நீராவி வெளிப்படுகிறது. மூச்சு விட்ட கண்ணாடியில் பனி படர்வது போல, இந்த ஆவி குளிர்ந்த மேல்மூடியின் அடியில் பட்டுத் துளித் துளியாகக் கூட்டத்தின் மேலேயே சொட்டும். நனைந்த தேனீ விறைத்து விழும். குளிர் நாடுகளில் தேனீ வளர்ப்போர் பனிக்காலத்துக்கு முன் மூடியின் கீழே காய்ந்த வைக்கோல், மரத்தூள் போன்றவற்றை மெத்தை போல் வைத்து, காற்று வெளியேற வழியும் விடுவது இந்தச் சொட்டு நீரைத் தடுக்கவே.

நம் ஊரில் சிலர் நல்லெண்ணத்தோடு பெட்டியை முழுவதும் பாலித்தீன் தாளால் சுற்றிக் கட்டுகிறார்கள். இதைப் போல் கெடுதல் வேறில்லை. மழை உள்ளே வராது என்பது உண்மை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது என்பதும் உண்மை. பத்து நாளில் அடை பூசணம் பூத்துவிடும்.

பட்டினி எப்படி வருகிறது?

நம் பகுதியில் தேனீக்கு நல்ல வரத்து, மா பூக்கும் தை, மாசியில் தொடங்கி, புங்கம், வேம்பு, புளி பூத்து முடியும் வரை இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரத்து குறைவு. துவரை பூத்திருக்கும், தென்னையில் பாளை விரிந்திருக்கும், வரப்போரம் களைப் பூக்களும் இருக்கும். ஆனால் பூ இருந்தால் மட்டும் போதாது. தேனீ வெளியே போக வேண்டுமே! மழை பெய்யும்போது அது பறக்காது. மழை விட்டதும் போனால் பூவிலுள்ள தேன் கழுவிப் போயிருக்கும். நாலு நாள் அடைமழை என்றால், உட்கார்ந்து தின்ன நாலு நாள் சாப்பாடு உள்ளே இருக்க வேண்டும்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திருவண்ணாமலையில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் முதல் நாள் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தனர். மனித உயிர் போன இடத்தில் தேனீக் கணக்குப் பேசுவது பொருந்தாதுதான். ஆயினும் கார்த்திகை மழை எவ்வளவு கடுமையாக இருக்கக் கூடும் என்பதற்கும், மலையடிவார ஓடைக்கரையில் பெட்டி வைக்கக் கூடாது என்பதற்கும் அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதில் நம் பங்கும் உண்டு. கடைசித் தேன் எடுப்பில் ஆசைப்பட்டு, தேன் அறையில் உள்ளதை எடுத்த பிறகு, புழு அறையின் அடைகளில் மேல் ஓரத்தில் உள்ள தேனையும் பிழிந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தேனீயின் விதைநெல். நியூட்டன் பெட்டியில் புழு அறைக்கு ஏழு சட்டங்கள். திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக் கொடுத்துப் பரப்பிய பெட்டி இது. தேன் எடுக்கத் தனி அறையை மேலே வைத்ததன் நோக்கமே, கீழே உள்ள புழு அறையை நாம் தொடாமல் இருப்பதற்குத்தான். புரட்டாசிக்குப் பிறகு கீழ் அறையில் கத்தி படக் கூடாது.

ஐப்பசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள்

மழை பிடிப்பதற்கு முன், வெயில் உள்ள ஒரு நாளில் முற்பகல் 11 மணிக்கு மேல் பெட்டியைத் திறந்து சோதிக்க வேண்டும். அதிகாலையிலோ, வாடைக்காற்று வீசும்போதோ திறந்தால் புழுக்கள் குளிர்ந்து செத்துவிடும். ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்து மூடிவிடுவது நல்லது.

பார்க்க வேண்டியவை மூன்றுதான். நடு அடைகளில் புதிய முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை இருந்தால் இராணி இருக்கிறது. இராணியைத் தேடி நேரம் போக்க வேண்டாம். அடுத்து, எத்தனை அடைகளைத் தேனீ மூடி நிற்கிறது என்று எண்ணுங்கள். மூன்றாவது, அடைகளின் மேல் ஓரத்தில் மூடி போட்ட தேன் இரண்டு, மூன்று விரற்கடை அகலத்துக்காவது இருக்கிறதா என்று கவனியுங்கள்.

தேனீ மூடாத வெற்று அடைகளை எடுத்துவிட வேண்டும். பெரிய வீட்டில் இரண்டு பேர் குளிர் காய்வது போல், கூட்டம் சிறியதாக இருந்து அறை பெரியதாக இருந்தால் சூடு நிற்காது, காவலும் இருக்காது. காலியான தேன் அறையையும் கீழே இறக்கி, புழு அறை மேல் நேராக உள்மூடியைப் போட வேண்டும். எடுத்த அடைகளில் நல்லவற்றைக் காற்றுப் புகாத தகர டப்பாவிலோ கெட்டியான பையிலோ போட்டு மூடி வைத்தால் தை மாதம் திரும்ப உதவும். ஓர் அடையைக் கட்டத் தேனீ செலவழிக்கும் தேன் கொஞ்சமல்ல. கறுத்துப் போன பழைய அடைகளை மட்டும் உருக்கி மெழுகாக்கிவிடலாம்.

இரண்டு அடைக்குக் கூடத் தேனீ இல்லாத கூட்டத்தை என்ன செய்வது? தனியே விட்டால் அது தை மாதத்தைக் காண்பது அரிது. அதைப் பக்கத்துக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவதே சரி. இரண்டு பெட்டி ஒன்றாகிவிட்டதே என்று மனம் கேட்காது. ஆனால் இரண்டு மெலிந்த கூட்டங்களைப் பனியில் பறிகொடுப்பதை விட, ஒரு பலமான கூட்டத்தைக் காப்பாற்றிக் கோடையில் அதை இரண்டாகப் பிரித்துக் கொள்வது லாபம்.

சேர்க்கும் முறை எளியது. மெலிந்த கூட்டத்தின் இராணியை முதல் நாளே அகற்றிவிட வேண்டும். மறுநாள் மாலை, பலமான கூட்டத்தின் புழு அறை மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, அதன் மேல் மெலிந்த கூட்டத்தின் அறையை வைத்து மூடிவிடலாம். நேரடியாகச் சேர்த்தால் ஒன்றையொன்று கொட்டிக் கொல்லும். தாளைக் கடித்துக் கிழித்து வருவதற்குள் இரண்டின் வாசனையும் கலந்து ஒன்றாகிவிடும். (படித்து முடித்த இந்தப் பக்கமே அதற்குப் போதும்.) இரண்டு, மூன்று நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, அடைகளை ஒரே அறையில் அடுக்கிக் கொள்ளலாம். பெட்டிகள் தள்ளித் தள்ளி இருந்தால், சேர்ப்பதற்கு முன் ஒன்றை மற்றொன்றின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவர வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று அடிக்கு மேல் நகர்த்தினால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வந்து தவிக்கும்.

சர்க்கரைப் பாகு கொடுத்தல்

சேமிப்பு குறைவாக உள்ள பெட்டிக்கு உணவு கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளைச் சர்க்கரைதான் ஏற்றது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கரும்புச் சாறு ஆகியவை வேண்டாம். அவற்றிலுள்ள கசடு தேனீக்கு ஜீரணமாகாது. மழையால் வெளியே போக முடியாமல் அடைந்து கிடக்கும்போது வயிறு கெட்டுப் பெட்டிக்குள்ளேயே கழியும். கடையில் வாங்கிய தேனும் வேண்டாம். அதில் எந்தக் கூட்டத்தின் நோய் இருக்கிறதோ, யார் கண்டார்கள்?

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதில் சர்க்கரையைக் கரைத்து ஆற வைக்க வேண்டும். சர்க்கரையை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கருக விடக் கூடாது. அடைமழை நாளில் பட்டினியைப் போக்க வேண்டுமானால் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டியாக இருக்கட்டும். தண்ணீராகக் கொடுத்தால் அதை வற்ற வைக்கத் தேனீ பாடுபட வேண்டும். பெட்டிக்குள் ஈரமும் ஏறும். மழை விட்ட மார்கழியில் இராணியை முட்டையிடத் தூண்டுவதற்குச் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் போதும்.

ஒரு கொட்டாங்கச்சியில் பாகை ஊற்றி, தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க நாலு வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டு, புழு அறையில் அடை எடுத்த காலி இடத்தில் வைக்கலாம். பொழுது சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாசனை பிடித்துப் பக்கத்துக் கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், எறும்பும் வரும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் கொடுத்துவிட வேண்டும். வெளியே ஒரு துளி கூடச் சிந்தக் கூடாது. காலையில் மிச்சம் இருந்தால் எடுத்துக் கொட்டிவிட்டு, அடுத்த முறை அளவைக் குறைத்துக் கொள்ளலாம்.

செலவு எவ்வளவு ஆகும்? ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவைக்கு 200 கிராம் சர்க்கரை, வாரம் இருமுறை என்று எட்டு வாரம் கொடுத்தாலும் 3 கிலோ 200 கிராம்தான். எட்டு வாரமும் மழை பெய்யப் போவதில்லை. வெளுத்த வாரங்களில் நிறுத்திக் கொள்ளலாம். ஒரு புதிய கூட்டத்தின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து விவசாயிகளே முடிவு செய்து கொள்ளட்டும்.

திறந்து பார்க்காமலே சேமிப்பை அறிய ஒரு வழி உண்டு. வாரம் ஒரு முறை பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் அரை விரற்கடை தூக்கிப் பார்ப்பது. பழகிய கைக்கு எடை குறைந்தது தெரியும். மழை நாளில் பெட்டியைத் திறப்பதை விட இது மேல்.

அடி அண்ணாமலைக்குத் தனிக் கவனம்

அடி அண்ணாமலை மலைக்கு மேற்புறமாக அமைந்த ஊர். கிழக்கே உள்ள நகரத்தில் வெயில் விழுந்த பிறகும், இங்கே மலையின் நிழல் சற்று நேரம் நீடிக்கும். மார்கழியில் பனி உலர நேரமாகும். தேனீ வேலைக்குக் கிளம்பவும் நேரமாகும். ஆகவே பெட்டியை மரத்தடியிலும் மலையை ஒட்டிய ஒதுக்கிலும் விட்டுவிடாமல், நிழல் முதலில் விலகும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். நாலு காலையில் நின்று கவனித்தால் எந்த மூலையில் முதல் வெயில் விழுகிறது என்று தெரிந்துவிடும். வாயில் கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கி இருக்கட்டும். வடக்கே ஒரு வேலியோ, பனையோலைத் தட்டியோ, வைக்கோல் போரோ இருந்தால் வாடைக்காற்று நேரே அடிக்காது. கோடையில் இதே இடம் சுடும். அப்போது பந்தல் போட்டுக் கொள்ளலாம்.

பெட்டி தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத் தாங்கியில் இருப்பது அவசியம். பின்பக்கத்துக் கால்களின் கீழ் ஒரு சிறு சில்லு வைத்து, பெட்டி வாயில் பக்கம் மிக இலேசாகச் சாய்ந்திருக்கும்படி செய்தால் உள்ளே விழும் நீர் தானாக வெளியே வடியும். மேல்மூடி மேல் தகரத்துண்டு அல்லது ஓலை போட்டு, நாலு பக்கமும் நாலு விரற்கடை நீட்டி விடலாம். உள்மூடிக்கும் மேல்மூடிக்கும் நடுவே உலர்ந்த சாக்கு ஒன்றை மடித்து வைத்தால் சொட்டு நீரை அது உறிஞ்சிக் கொள்ளும். நனைந்த சாக்கை எடுத்து, உலர்ந்ததை மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். உள்மூடியின் நடுத் துளையை அடைக்க வேண்டாம். வாயிலை மட்டும், இரண்டு, மூன்று தேனீ போய்வரும் அளவுக்குக் குறுக்கிவிடலாம். காவலுக்கும் அது வசதி.

கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் கூடும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் பாதையும் இரவெல்லாம் விளக்கு வெளிச்சமாக இருக்கும். தேனீயை விளக்கு இழுக்கும். வாயிலுக்கு நேரே பளிச்சென்ற மின்விளக்கு எரிந்தால் இரவிலும் வெளியே வந்து விளக்கைச் சுற்றி விழுந்து, பனியில் விறைத்துச் செத்துப்போகும். பாதை ஓரத் தோட்டக்காரர்கள் வாயில் சாலையைப் பார்க்காமல் திருப்பி வைப்பதோ, நடுவே தட்டி கட்டி மறைப்பதோ நல்லது. கரும்புச் சாறுக் கடையும் மிட்டாய்க் கடையும் வரும் நாட்களில் பசித்த தேனீ அங்கே போய் மொய்க்கும். பக்தர்களைக் கொட்டினால் வம்பு. சாறு வாளியில் விழுந்து சாவதோ நமக்கு நஷ்டம். இரண்டு நாள் முன்னதாகவே மாலையில் பாகு வைத்து வந்தால் இந்த அலைச்சல் குறையும்.

எறும்பு, பறவை, நோய்

மழையில் எறும்பு மேட்டைத் தேடி ஏறும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய முறையானாலும் தவறாதது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமலும், புல் சாய்ந்து பாலம் போடாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும். வாயிலின் கீழே மாலையில் தேரை வந்து உட்கார்ந்து தேனீயை ஒவ்வொன்றாக நக்கித் தின்னும். தாங்கி உயரமாக இருந்தால் இத்தொல்லை இல்லை. பஞ்சுருட்டான் பறவைகளில் ஒரு வகை குளிர்காலத்தில் நம் பக்கம் வலசை வரும். கம்பியில் வரிசையாக அமர்ந்து பறக்கும் தேனீயைப் பிடிக்கும். விரட்டிவிட்டால் போதும். அது தின்பதில் பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் உண்டு. கவண் எடுக்க வேண்டாம்.

நோய்களில் பயப்பட வேண்டியது தாய்லாந்துப் பைப்புழு நோய். 1991-92ல் இது தென்னிந்தியாவில் பரவி, கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. நச்சுக்கிருமி நோயாகையால் இதற்கு மருந்து கிடையாது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தலை மேல்நோக்கிய நிலையில் செத்து, நீர் நிரம்பிய பை போல் ஆகிவிடும். குச்சியால் எடுத்தால் பையாகவே வரும். கண்டால் அந்த அடைகளை எடுத்து எரித்துவிட வேண்டும். இராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினால், புழு இல்லாத இடைவெளியில் நோய் அடங்க வழியுண்டு. ஒரு பெட்டியின் அடையை மற்றதற்கு மாற்றும் பழக்கத்தைச் சந்தேகம் தீரும் வரை விட்டுவிட வேண்டும். மேலே சொன்ன கூட்டம் சேர்க்கும் வேலையும் நோயற்ற கூட்டங்களுக்கு மட்டுமே.

மலைப்பகுதியில் உள்ளோருக்கு

நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலையில் குளிர் சமவெளியை விடக் கூடுதல். அங்கே மேலே சொன்னவற்றோடு, தேன் சேமிப்பை இன்னும் சற்று அதிகமாக விட்டுவைப்பதும், பெட்டியின் வடபுறத்தில் வைக்கோல் அணைப்பதும் போதுமானது. உறைபனி விழும் நீலகிரி போன்ற இடங்களில் புழு அறையின் இரு ஓரங்களிலும் அடையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலர்ந்த புல் அடைத்த மெத்தையைச் செருகுவது நல்லது. அங்கும் மேலே காற்றுப் போகும் வழியை அடைக்கக் கூடாது.

காஷ்மீர், இமாசலப் பிரதேசத் தேனீ வளர்ப்போர் பனிக்காலம் வரும் முன்பே பெட்டிகளை லாரியில் ஏற்றி, கடுகு பூக்கும் பஞ்சாப், ராஜஸ்தான் சமவெளிகளுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்கள் குளிருக்குப் பயந்து ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் பூவைத் தேடிப் போகிறார்கள். அங்கும் கணக்கு சாப்பாட்டுக் கணக்கே. மூன்று பெட்டி வைத்திருக்கும் நம்மவருக்கு லாரி வாடகை கட்டாது, சர்க்கரை கட்டும்.

நாற்பது நாள் கணக்கு

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், மாம்பூவுக்காக. தை, மாசியில் மா பூத்து, அதைத் தொடர்ந்து புங்கமும் வேம்பும் பூக்கும்போது வெளி வேலைக்குப் போகும் தேனீ பெட்டி நிறைய இருக்க வேண்டும். இந்தியத் தேனீயின் முட்டை, வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாள் ஆகும். வந்ததும் பூவுக்குப் போய்விடாது. இரண்டு, மூன்று வாரம் வீட்டு வேலை: அறையைத் துடைப்பது, புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது. அதன் பிறகே வெளிவேலை. ஆகவே இன்று இட்ட முட்டை பூவைத் தொட நாற்பது நாள் ஆகும்.

தைக் கடைசியில் மாம்பூ உச்சத்தில் இருக்கும் என்றால், அதில் வேலை செய்யும் தேனீக்கான முட்டை மார்கழி நடுவிலேயே விழுந்திருக்க வேண்டும். பசியோடு இருக்கும் கூட்டத்தில் இராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். மார்கழியில் பட்டினி போட்ட பெட்டி பிழைத்து நின்றாலும், பூ வரும் சமயத்தில் அங்கே பிள்ளை வளர்த்துக் கொண்டிருக்கும். ஆள் சேரும்போது பூ உதிர்ந்திருக்கும். "தேனீ இருக்கிறது, தேன் இல்லை" என்ற குறை பல தோட்டங்களில் இப்படித்தான் வருகிறது.

அதனால் மழை விட்டதும், மார்கழி முதல் வாரத்திலிருந்து, வாரம் இருமுறை சம அளவுப் பாகைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வர வேண்டும். தேனீக்கு மகரந்தமும் வேண்டும். பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால் அந்தக் கவலை இல்லை. பகலில் வாயிலில் நின்று பார்த்தால், காலில் மஞ்சள் உருண்டையோடு தேனீக்கள் வருவது தெரியும். அப்படி வந்தால் உள்ளே புழு வளர்கிறது என்று அறிந்து கொள்ளலாம். முட்டையும் புழுவும் பெருகப் பெருக, ஐப்பசியில் எடுத்து வைத்த நல்ல அடைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டாம். பனி இன்னும் முடியவில்லை.

மாந்தோப்பில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பவர்களும் இதே சமயத்தில்தான் அடிப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, பூ விரிந்த நேரத்தில் தவிர்க்கும்படியும், அடித்தே தீர வேண்டுமானால் தேனீ அடங்கிய மாலையில் அடிக்கும்படியும் கேட்டுக் கொள்ளலாம். தேனீ வந்தால் அவர் தோப்பிலும் காய்ப்பு கூடும் என்பதை எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார். தேனீ வளர்ப்பில் பயிற்சி பெற விரும்புவோர் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம்.

மாம்பூ மலர்ந்து, தேனீக்கள் சுறுசுறுப்பாக வரத் தொடங்கியதும் பாகு கொடுப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும். கொட்டாங்கச்சியை எடுத்து, ஒரு வாரம் விட்டு, புழு அறையின் ஏழு சட்டங்களிலும் தேனீ நிறைந்த பிறகே மேலே தேன் அறையை ஏற்ற வேண்டும். முன்னதாக ஏற்றினால் மிச்சமிருக்கும் சர்க்கரைப் பாகைத் தேனீ மேலே கொண்டுபோய் வைத்துவிடும். அது தேன் அல்ல. வாங்குபவர் கையில் கலப்படமாகவே போய்ச் சேரும்.